இடது தோள், ஒன்றேகால் இஞ்ச்

சங்கரன்கோவிலில் லேடீஸ் டைலர் என்று போர்டு மாட்டி உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் நான் ஒரு பெண்ணைக்கூட அளந்தது கிடையாது. சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். கழுத்தில் இஞ்ச் டேப் எப்போதும் தொங்கும். அது ஒரு மரியாதைக்கு. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் துணியோடு ஒரு பழைய ஜாக்கெட்டையும் சுருட்டிக்கொண்டு வந்து மேஜையில் வைப்பார்கள். அதற்குப் பெயர் அளவு ஜாக்கெட். "இதே மாதிரி அண்ணாச்சி, கை மட்டும் அரை இஞ்ச் கூட வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அந்தப் பழைய ஜாக்கெட்டை விரித்து, அதை அளந்து, புதியதை வெட்டுவேன். அந்தப் பழையதைத் தைத்தவனும் அதற்கு முந்தைய ஜாக்கெட்டை அளந்துதான் தைத்திருப்பான். இப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்தால், முதல் ஜாக்கெட்டை எவன் எதை அளந்து தைத்தான் என்று எனக்குத் தெரியாது. அவன் நல்ல தைரியசாலி.

இதனால் எனக்கு ஒரு கோளாறு உண்டு. தெருவில் எதிரே வருகிறவர்களின் முகம் பிடிபடாது. என்னைத் தாண்டிப் போய் முதுகு தெரிந்த பிறகுதான் யார் என்று புரியும். பின்கழுத்து, தோள் பட்டி, கைக்குழியில் ஒரு சுருக்கம். "அட, நம்ம தெற்குத் தெரு டீச்சர்" என்று நான் வணக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர்கள் முக்கு திரும்பியிருப்பார்கள். இதை ஒரு பெருமையாக என் மனைவியிடம் சொல்லி, அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்படிப்பட்டவனுக்கு, தன் மனைவிக்கு ஒரு ஜாக்கெட் தைக்க முடியாமல் போனது. காரணமும் நான்தான்.

போன தைக்கு முந்தின தையில், பனவடலிசத்திரத்தில் ஒரு காதுகுத்து வீட்டுக்கு மொபெட்டில் இருவரும் போய்க்கொண்டிருந்தோம். நான் ஒரு ஜோக் சொன்னேன். பின்னால் சத்தமே இல்லை. சிரித்தாளா இல்லையா என்று பார்க்கத் திரும்பினேன். அந்த இடத்தில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வண்டி அதைப் பார்த்தது. நான் பார்க்கவில்லை.

எனக்கு முட்டியில் ஒரு சிராய்ப்பு. அவளுக்குக் கழுத்தோரம் இடது பக்கக் காறையெலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தூளி கட்டித் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து சேர்ந்திருந்தது. இடது தோள் இறங்கிப்போனது. கை தோள் மட்டத்துக்கு வரும், அதற்கு மேலே போகாது. "வலி இல்லேன்னா அப்படியே விட்டுரலாம்" என்றார் டாக்டர். "வலி இல்ல" என்றாள் அவள். நான் அப்போதும் அவள் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது பொய் என்று தெரியும். டாக்டருக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் என்னை வாயாடி என்பார்கள்.

அன்று சொன்ன ஜோக் எது என்று எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

அதன் பிறகு எந்த ஜாக்கெட்டும் அவளுக்கு நிற்கவில்லை. இடது பக்கம் தோளைவிட்டு வழுக்கி இறங்கும். வலது கை போய் அதை இழுத்துவிடும். மறுபடி இறங்கும், மறுபடி இழுப்பாள். பெட்டியில் இருந்த அளவு ஜாக்கெட்டுகள் எல்லாம் வேறு யாரோ ஒருத்தியின் அளவாகிவிட்டன. நான் இடது தோளுக்குள் பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் போலீஸ்காரர் மாதிரி இருந்தது. முதுகில் நாடா வைத்து இழுத்துக் கட்டிப் பார்த்தேன். நாடா நின்றது, ஜாக்கெட் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி முன்னால் நிறுத்தி குண்டூசி குத்தி அடையாளம் வைப்பேன்.

"குத்துது."

"எங்கன?"

"எல்லா இடத்துலயும்."

ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கமாட்டாள். குண்டூசிகளோடேயே அடுப்படிக்குப் போய்விடுவாள். நான்காவது ஜாக்கெட்டோடு, "விடுங்க. வீட்ல நைட்டிதான போடுதேன்" என்று சொல்லிவிட்டாள். கல்யாண வீடு, சடங்கு வீடு எல்லாவற்றுக்கும் நான் மட்டும் போய் வந்தேன். கேட்டவர்களிடம் அவளுக்குத் தலைவலி என்றேன். ஒரு வருஷத்துக்கு மேலாக ஒருத்திக்குத் தலைவலி என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று யோசிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி இரண்டு பேர் எனக்கு அறிவுரை சொன்னார்கள்.

இந்த நிலைமையில்தான் அவள் தம்பிக்குக் கல்யாணம் முடிவானது. நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆள். பெண் தேடித் தேடி, அவன் ஜாதகத்துக்கே நரை விழுந்திருந்தது. அவனே வந்து அக்காளுக்குப் பட்டுப் புடவையைக் கையில் கொடுத்தான். பச்சைப் புடவை, அதோடு ஒட்டி வந்த அரக்கு நிறத்தில் ஜாக்கெட் துணி.

"நாத்தனார் முடிச்சு நீதாங்க்கா போடணும்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட்டதும், மீதி இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் மாப்பிள்ளையின் சகோதரி போடுவாள். ஊரே அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். வீடியோக்காரன் லைட்டை அங்கேதான் அடிப்பான்.

"சித்தி மக இருக்காள்லா. அவ போடட்டும்" என்றாள் இவள்.

"அவ ஒன்னுவிட்ட அக்கா. நீ கூடப்பொறந்தவ."

"எனக்குக் கை தூக்க வராதுடே."

"பொண்ணு ஒக்காந்துதான இருக்கப் போகுது. கழுத்து ஒன் இடுப்பு மட்டத்துக்குத்தான் இருக்கும். எதுக்குக் கையைத் தூக்கணும்?"

அவள் புடவையின் மடிப்பைச் சரிசெய்தாள். அவன் என்னைப் பார்த்தான். "அத்தான், நீங்க சொல்லுங்க."

நான் என்ன சொல்ல? குனிந்து முடிச்சுப் போடும்போது ஜாக்கெட் இடது பக்கம் இறங்கும். இரண்டு கையும் தாலியில் இருக்கும்போது இழுத்துவிட மூன்றாவது கை கிடையாது. அதைத்தான் அவள் யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். "ரெண்டு முடிச்சையும் நானே போட்டுருதேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவன் போகும்போது வாசலில் நின்று, "அக்கா போடலேன்னா தாலி ஒத்த முடிச்சோட கெடக்கட்டும். நான் யாரையும் கூப்புட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனும் அவளும் ஒரே வார்ப்பு.

ஆக, என் முன்னால் ஒரே ஒரு வேலை இருந்தது. அந்தத் தோளில் நிற்கிற ஒரு ஜாக்கெட்.

போனில் துழாவியபோது ஒரு வெள்ளைக்காரி வீடியோ கண்ணில் பட்டது. இறுக்கமான பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேலே உடம்பு முழுக்க டேப் ஒட்டச் சொல்கிறாள். பிறகு முதுகில் ஒரு கோடாக வெட்டி, ஓடு மாதிரிக் கழற்றி, உள்ளே பஞ்சு அடைத்து, கம்பியில் நிறுத்துகிறாள். அச்சு அசல் அவளே. அதை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் குண்டூசி குத்தலாம், "குத்துது" என்று சொல்லாது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற பொம்மையை நாமே செய்கிறோம், அவ்வளவுதான்.

வீடியோவில் இருந்த வெள்ளி நிற டேப் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. ஸ்டேஷனரி கடையில் பிரவுன் நிறப் பார்சல் டேப் ஆறு சுருள் வாங்கினேன்.

"எங்கன அனுப்புதீங்க அண்ணாச்சி, இவ்ளோ பெரிய பார்சலு?"

"உள்ளூருக்குத்தான்."

மனைவியிடம் விவரத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டாள். "மொதல்ல உங்களுக்குச் சுத்திப் பாப்போம்" என்றாள். இதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் இன்னொரு நாள் வந்திருக்கலாம்.

சித்திரை மாதம், மத்தியானம். எங்கள் வீட்டில் முன் அறைதான் கடை, நடுவில் ஒரு திரை, அதற்குப் பின்னால் வீடு. திரைக்குப் பின்னால் பனியனோடு நான் நின்றேன். அவள் ஒரு கையால் சுருளைப் பிடித்து என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சர்ரென்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சத்தம். ஃபேனைப் போட்டால் டேப் பறந்து தலைமுடியில் ஒட்டுகிறது என்று ஃபேனையும் நிறுத்திவிட்டாள். வயிற்றுக்கு வந்ததும் ஒரு சுருள் தீர்ந்தது.

"மூச்ச இழுத்துப் பிடிக்கப்பிடாது. உள்ளது உள்ளபடி வரணும்."

"இது உள்ளதுதான்."

"இதுக்கு முந்தி இவ்ளோ இல்லையே. இழுத்துப் பிடிச்சிட்டே திரிஞ்சீங்களா?"

முழங்கைக்கு மேல் வரை சுற்றியதால் இரண்டு கையும் சோளக்காட்டுப் பொம்மை மாதிரி விரிந்து நின்றன. உள்ளே வியர்வை ஓடியது, வெளியே வர வழி இல்லாமல் இடுப்பில் தேங்கியது. அந்த நேரம் பார்த்துக் கடைப்பக்கம் ஆள் வந்தது.

"அண்ணாச்சி இல்லையா?"

வாடிக்கையாக ஜாக்கெட் தைக்க வரும் மேலநீலிதநல்லூர் அம்மா. குரலில் தெரிந்தது. என் மனைவி திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினாள்.

"இருக்காங்க. வெளிய வர முடியாது."

"ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. கெட்டியா இருக்கு."

"பஸ்ஸு போயிரும்மா. அந்தப் பச்சை ஜாக்கெட்டு முடிஞ்சிட்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

திரைக்குப் பின்னாலிருந்து நானே சொன்னேன். "கொக்கி மட்டும் கட்டணும் தாயி. வெள்ளிக்கிழமை வாங்க." நெஞ்சை இறுக்கியிருந்ததால் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"பாவம், நெஞ்சுச் சளி" என்றார் அந்த அம்மா. "கஷாயம் வச்சுக் கொடு."

அவர் போனதும் என் மனைவி கத்தரியை எடுத்துவந்தாள். பேப்பர் வெட்டக்கூட நான் யாரையும் தொட விடாத கத்தரி. இடுப்பில் சில்லென்று இரும்பு பட்டது. "அசையாதீங்க. எனக்குக் கை நடுங்குது" என்றாள். நான் அசையவில்லை. மனுஷனுக்கு உயிர் மேல் இருக்கும் ஆசை அப்போதுதான் தெரிகிறது. கழுத்து வரை வெட்டி முடித்ததும், நான் வேர்க்கடலை மாதிரி வெளியே வந்தேன். அந்த ஓடு தரையில் தானாக நின்றது. வயிறு முன்னால் தள்ளி, தோள் கூனி, உள்ளே ஆள் இல்லாமல் நான் நின்றேன். அவள் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த மொபெட்டுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்த சூட்டிலேயே, "சரி, எனக்குச் சுத்துங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவள் உடலோடு ஒட்டின பழைய சுடிதார் டாப் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றாள். எனக்குக் கை கூசியது. ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவன், ஒரு உடம்பைச் சுற்றி டேப் ஒட்டத் தெரியாமல் சுருளின் முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேன். பிறகு ஆரம்பித்தேன். வாய் மட்டும் நிற்கவில்லை, என்னென்னவோ உளறிக்கொண்டே ஒட்டினேன்.

"நிமிந்து நிக்கணுமா?" என்று கேட்டாள்.

"ஆமா. நல்லா நிமிந்து நில்லு."

நின்றாள். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி, அணிவகுப்பில் நிற்பது போல நின்றாள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. மேல் உதட்டில் வியர்வை பூத்திருந்தது. வெக்கை என்று நினைத்தேன். "போதுமா? போதுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "இந்தா முடிஞ்சிட்டு" என்று இரண்டு தடவை சொன்னேன். குண்டூசிக்கு ஐந்து நிமிஷம் நிற்காதவள் இவ்வளவு நேரம் நிற்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

அடைப்பதற்குக் கடையில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக இருந்தது. நிறுத்துவதற்கு ஒரு கால் வேண்டும். பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் பழைய ஸ்டாண்டு ஃபேன் ஒன்று தலை போய்க் கிடந்தது.

"என்னவே இது. எல்லாரும் ஃபேனு வேணும்னு வாரான். நீரு காலு மட்டும் போதும்ங்கீரு."

"வீட்ல ஒருத்தருக்கு நிக்க முடியல."

"எலக்ட்ரிக்கல்ல வேற ஏதாது வேணும்னாலும் சொல்லும். சும்மா இருந்து இருந்து ஒமக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு."

வெட்டுத்துணியை அடைத்து, முதுகை டேப்பால் மூடி, ஃபேன் காலில் சொருகிக் கடையின் மூலையில் நிறுத்தினேன். நாலடி தள்ளி நின்று பார்த்தேன். கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் அவளேதான். ஆனால் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

அடைத்ததில்தான் தப்பு என்று நினைத்தேன். பிரித்து, துணியை எல்லாம் வெளியே எடுத்து, மறுபடி அடைத்தேன். மறுபடி ஒரே மட்டம். மூன்றாவது தடவை அடைக்காமலேயே, வெறும் ஓடாகவே மேஜையில் வைத்து, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தேன். வலதும் இடதும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. மொபெட்டில் ஏறுவதற்கு முந்தைய நாளில் அவள் எப்படி இருந்தாளோ அப்படி இருந்தது.

நான் மெஷினில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து நில் என்று சொன்னது நான்தான். அவள் இடது தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அரைமணி நேரத்துக்கு மேல். அந்த வியர்வை வெக்கையில் வந்தது இல்லை. எனக்கு அதைக் காட்டக்கூடாது என்று பிடித்திருந்தாளா, நான் சொன்னேன் என்று பிடித்திருந்தாளா, அதுவும் தெரியவில்லை. நான் உளறிய ஜோக்குக்கெல்லாம் அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

போய்க் கேட்டிருக்கலாம். "ஏளா, தோளைத் தூக்கிட்டா நின்ன?" என்று ஒரு வாக்கியம்தான். அடுப்படி வாசல் வரை போனேன். "என்ன?" என்றாள். "டீ இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று அப்படி நான்கு டீ குடித்தேன்.

மறுநாள் திருட்டு வேலையில் இறங்கினேன். அவள் கொல்லைப்பக்கம் கொடியில் துணி காயப்போடும்போது பின்னால் கதவோரம் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இஞ்ச் டேப்பை எட்டப் பிடித்து அவள் தோள்களுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். வலது கையால் மட்டும்தான் துணியை வீசிப் போட்டாள். இடது கை சும்மா ஒரு துணைக்கு, கொடிக்குக் கீழேயே நின்றுகொண்டது. சட்டென்று திரும்பினாள்.

"அங்கன என்ன பண்ணுதீங்க?"

"காக்கா."

"காக்காயை அளக்கீங்களா?"

நான் உள்ளே வந்துவிட்டேன். எட்ட நின்று பார்த்த கணக்கில் ஒரு இஞ்ச் இருக்கும் என்று தோன்றியது. பொம்மையின் இடது தோளைக் கத்தரியால் கீறினேன். கீறும்போது கை தயங்கியது. பழைய அவள் அந்த ஒரு ஓட்டில்தான் இருந்தாள். துணியை உருவி, தோளை அமுக்கி, மறுபடி டேப் ஒட்டினேன். ஒரு இஞ்ச். சரியா, தப்பா? கேட்க ஆள் இல்லை. அளவு ஜாக்கெட்டும் இல்லை.

அவள் எப்போது திரையைத் தாண்டி வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. திரும்பியபோது பொம்மைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். யாருக்கும் அவரவர் முதுகு தெரியாது. கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாலும், திருப்பிய கழுத்தோடுதான் தெரியும். அவள் அன்றுதான் பார்க்கிறாள். இறங்கின தோளோடு, வேறு யாரையோ பார்ப்பது போல அவளை அவளே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"எனக்கு வயிறு, உனக்குத் தோளு" என்றேன். என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம். மெஷின் பக்கத்தில்தான் இருந்தது.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "நேத்து நேரா இருந்துச்சே" என்றாள்.

"ஆமா."

"நீங்க வெட்டி எறக்கினீங்களா?"

"ஆமா."

பிறகு வலது கையால் தன் இடது தோளைத் தொட்டாள். அதே கையால் பொம்மையின் தோளைத் தொட்டாள். மறுபடி தன் தோள், மறுபடி பொம்மை. காய்கறிக் கடையில் இரண்டு கத்தரிக்காயைத் தூக்கிப் பார்ப்பது போல.

"இன்னும் எறங்கணும்" என்றாள்.

"எவ்ளோ?"

"கால் இஞ்ச் இருக்கும். பெறவு இங்கன, கழுத்துக்குப் பக்கத்துல ஒரு மேடு இருக்கு. எலும்பு ஏறி நிக்குதுல்லா. அத விட்டுட்டீங்க."

அந்த மேடு எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவளே வெட்டுத்துணி மூட்டையில் கைவிட்டு, ஒரு துண்டை எடுத்துப் பாக்கு அளவுக்கு உருட்டி, தோளின் கீறலுக்குள் வைத்து அமுக்கினாள். தன் தோளைத் தடவிப் பார்த்து, கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். நான் டேப்பின் முனையைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை. "ஒன்றேகால்" என்று அவள் சொன்னதைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தேன்.

"ரொம்ப வலிக்கா?" என்றேன். எத்தனையோ மாதத்துக்கு முன்னால் டாக்டர் அறையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"இப்ப கேட்டு என்ன செய்யப் போறீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. நான் பார்சல் டேப்பில் இன்னொரு துண்டு கிழித்தேன்.

அரக்குத் துணியை மேஜையில் விரித்தேன். ஒரே ஒரு துண்டு, போனால் வேறு கிடையாது. ஜாக்கெட் வெட்டுவது எப்போதும் துணியை இரண்டாக மடித்துப் போட்டுத்தான். ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் தானாக வந்துவிடும், இரண்டும் ஒன்று போல இருக்கும். எல்லா உடம்பும் இரண்டு பக்கமும் ஒன்று என்று எங்கள் தொழில் நம்புகிறது. என் கை துணியை மடித்தது, நீவியது, சாக்பீஸால் கோடு போட்டது, கத்தரியைத் தூக்கியது. நான் மனதில் நாத்தனார் முடிச்சைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மடிச்சிட்டீங்களே" என்றாள் பின்னாலிருந்து.

கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவில் துணி இருந்தது. ஒரே ஒரு தரம் விரலை அமுக்கியிருந்தால் முடிந்திருக்கும். நான் கத்தரியை மெதுவாக வெளியே எடுத்து, மேஜையில் வைத்து, தள்ளி உட்கார்ந்தேன். இத்தனை நாள் பட்ட பாட்டுக்குப் பிறகும், இந்தக் கை பழைய தோளுக்குத்தான் வெட்டப் பார்க்கிறது. அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "மெள்ள வெட்டுங்க" என்றாள். துணியைப் பிரித்துப் போட்டு, வலதைத் தனியாகவும் இடதைத் தனியாகவும் வெட்டினேன். தொழிலுக்கு வந்த முதல் நாளில்கூட அவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டேன்.

தைத்துப் பொம்மையில் போட்டுப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்தது. பொம்மையைக் குனிய வைக்க முடியாது, அதனால் ஃபேன் காலோடு சாய்த்துப் பார்த்தேன். இறங்கவில்லை. அவள் போட்டுப் பார்த்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். இறங்கவில்லை. தம்பிக்கு அவளே போன் போட்டாள். "நான் வாரேன்டே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கல்யாண மண்டபத்தில் நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் ஊசி, அரக்கு நூல், சேஃப்டி பின் ஒரு அட்டை, ஒரு சின்னக் கத்தரி. அவசரத்துக்கு மேடையில் ஏறினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. மேளம் வேகம் எடுத்தது. மச்சினன் முதல் முடிச்சைப் போட்டான். அவள் பெண்ணின் பின்னால் குனிந்தாள். ஊரே பார்த்தது. லைட் அவள் தோளின் மேலே இருந்தது. நான் அட்சதையைப் போடவில்லை, தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முடிச்சு. மூன்றாவது முடிச்சு. ஜாக்கெட் ஒரு நூல் அசையவில்லை. ஒட்டவைத்தது போல நின்றது.

அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் வலது கை இடது தோளுக்குப் போய், இறங்காத ஜாக்கெட்டை இழுத்துவிட்டது.

அதன் பிறகும் பார்த்தேன். போட்டோவுக்கு நிற்கும்போது ஒரு தடவை. பந்தியில் ஒரு தடவை. மணப்பெண்ணுக்குத் திருநீறு பூசிவிட்டு ஒரு தடவை. ஜாக்கெட் அதன் இடத்தில் இருந்தது. கை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. நான் பையில் இருந்த ஊசியையும் நூலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மச்சினன் என் கையைப் பிடித்து, "அத்தான், அக்கா முடிச்சு நல்லா இறுகிட்டு. இனி அவுக்க முடியாது" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "அது உன் கவலை" என்றேன்.

திரும்பி வரும்போது அதே மொபெட்தான். வேறு வண்டி கிடையாது. பின்னால் அவள் பட்டுப் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. நல்லா நின்னுச்சு."

"பெறவு ஏன் கை போச்சு?"

"தெரியல. அதுவா போவுது."

இதற்கு நான் எதை அளப்பது, எதை வெட்டுவது? கடை மூலையில் ஃபேன் காலில் நிற்கிறவளுக்குக் கை கிடையாது. அவளுக்குக் கையும் வைக்க வேண்டும் என்று செய்யும்போது எனக்குத் தோன்றவில்லை.

"ஏன் பேசாம வாரீங்க?" என்றாள்.

"ரோட்டைப் பாக்கேன்."

"சும்மா ஏதாவது சொல்லுங்க. ஒரு மாதிரியா இருக்கு."

ஒன்று சொன்னேன். சுமாரான ஜோக்தான். பின்னால் சத்தமே இல்லை. வண்டியின் கண்ணாடியில் முகம் தெரியவில்லை. அரக்கு ஜாக்கெட்டின் இடது தோளும், அதன் மேலே அவள் வலது கையும் மட்டும் தெரிந்தன. முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. மெதுவாக ஏறி இறங்கினேன். சிரித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.